துவைத்த பிறகும் போகாத வியர்வை வாடை: வளரும் பிள்ளைகளின் உடைகளைப் பற்றி ஒரு பாடம்



இந்த மாதம் நாம் பேசப் போவது பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விஷயம். பருவ வயதை எட்டிய பிள்ளைகளின் உடையில் தங்கிவிடும் வியர்வை வாடை. ‘இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதா?’ என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் பக்கம் நடந்த ஒரு தவறுதான் எங்கள் எண்ணத்தை மாற்றியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நமது அறக்கட்டளை மாணவர்களுக்கு இரண்டு செட் பள்ளிச் சீருடை வழங்குவது உங்களுக்குத் தெரியும். ஓர் ஆண்டு, அக்டோபர் மாதம், ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். ‘காக்கா, மகனுக்கு ஒரு சட்டை மட்டும் கிடைக்குமா?’ என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினோம். ஜூனில் இரண்டு செட் வாங்கியதற்குக் கையெழுத்து இருந்தது. ‘கொடுத்து நாலு மாசம்தானேம்மா ஆகுது, அதுக்குள்ள கிழிஞ்சிடுச்சா?’ என்று கேட்டோம். ‘கிழியல காக்கா’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ‘அப்படின்னா அடுத்த ஜூன்ல பார்ப்போம்’ என்று அனுப்பிவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து மத்ரஸா உஸ்தாது ஒரு செய்தி சொன்னார். அந்தப் பையன் தொழுகைக்கு வந்தால் கடைசி வரிசையில், வாசல் ஓரமாக, தனியாக நிற்கிறானாம். ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாகப் போய்விடுகிறானாம். பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் லீவு போடுகிறானாம். விசாரித்ததில், கூடப் படிக்கும் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பது தெரிந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போனோம். அந்தத் தாய் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. சோப்பு மணம்தான் வந்தது. ‘இப்பப் பாருங்க காக்கா’ என்று அக்குள் பகுதியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். சூடு பட்டதும் பழைய வியர்வை வாடை குப்பென்று கிளம்பியது. தினமும் இரவு துவைக்கிறார். ஆனாலும் போகவில்லை. உள் அறையிலிருந்து பையனின் குரல் மட்டும் வந்தது: ‘நான் குளிக்காமப் போறதில்ல மாமா.’

கொடுத்தது நாங்கள். என்ன துணியைக் கொடுத்தோம் என்று நாங்கள் யோசித்ததில்லை. வந்து கேட்டவரிடம் காரணத்தைக் கேட்காமல் பதிவேட்டைக் காட்டினோம். அதன்பின் சலவைத் தொழிலில் பல ஆண்டு அனுபவம் உள்ள ஒரு பெரியவரிடமும், வேதியியல் ஆசிரியர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அந்த வீட்டிலேயே செய்து பார்த்தோம். அதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

நம் உடலில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு வகை உடல் முழுதும் பரவியிருக்கிறது. அது உடம்பைக் குளிர்விக்கத் தண்ணீர் போன்ற வியர்வையைத் தருகிறது. இது பிறந்தது முதலே வேலை செய்கிறது. இன்னொரு வகை அக்குள், மறைவிடம் போன்ற இடங்களில் உள்ளது. அது பருவ வயதில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதிலிருந்து வருவது கொழுப்பும் புரதமும் கலந்த, சற்றுக் கெட்டியான வியர்வை.

அந்த வியர்வைக்கும் வெளிவரும்போது பெரிதாக வாடை கிடையாது. தோலின் மேல் இயற்கையாகவே வாழும் கிருமிகள் அதை உடைத்துத் தின்னும்போதுதான் நாற்றமுள்ள கொழுப்பு அமிலங்களும் கந்தகம் கலந்த பொருள்களும் உண்டாகின்றன. ஆகவே, பத்து வயது வரை எவ்வளவு ஓடியாடினாலும் வாடை வராத பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் திடீரென்று வருகிறது என்றால், அது அழுக்கனாகிவிட்டான் என்று பொருள் அல்ல. வளர்கிறான் என்று பொருள். தொழுகை கடமையாகும் வயதும் இந்த வயதும் ஒன்றுதான் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

துவைத்த பிறகும் ஏன் போவதில்லை?

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, துணி. பருத்தி தண்ணீரை உறிஞ்சும். பாலியஸ்டர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை விரும்பும். உடம்பின் எண்ணெய்ப் பசையும் கொழுப்பு அமிலங்களும் பாலியஸ்டர் இழையைப் பற்றிக்கொள்கின்றன. பச்சைத் தண்ணீரில் அலசினால் அவை எளிதில் விடுவதில்லை. பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 26 பேரை உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்கள் போட்டிருந்த பனியன்களை ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக வைத்திருந்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில் வாடை கூடுதலாக இருந்தது. நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் என்ற கிருமி பாலியஸ்டரில் நன்றாக வளர்ந்ததையும் கண்டார்கள். நம் பிள்ளைகளின் சீருடை பெரும்பாலும் டெரிகாட்டன். அதில் பாலியஸ்டரின் பங்கே அதிகம். விளையாட்டு ஜெர்சிகள் பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர். பெண் பிள்ளைகளின் கறுப்புப் புர்காக்களிலும் பெரும்பாலானவை செயற்கை இழைதான்.

இரண்டாவது, தண்ணீர். நம் கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். கட்டிச் சோப்பு கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, கரையாத ஒரு மெழுகுப் படலத்தை உண்டாக்குகிறது. பக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான். அதே படலம் சட்டையின் அக்குளிலும் படிகிறது. அதன் அடியில் வியர்வைப் பசை பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. வாடை போகவில்லையே என்று மேலும் மேலும் சோப்புப் போடுகிறோம். படலம் மேலும் தடிக்கிறது.

மூன்றாவது, மணத்துக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் திரவம். அது துணியை மென்மையாக்குவதே ஒரு மெழுகுத்தன்மையுள்ள பூச்சைப் பூசித்தான். சீருடைக்கும் ஜெர்சிக்கும் அதை நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, நம் பழக்கம். மாலையில் கழற்றிய சட்டையை உருட்டி அழுக்குக் கூடையில் போட்டு, ஈரத்தோடு இரண்டு நாள் வைக்கிறோம். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வாடையை எடுக்கும் முறை

நாள்பட்ட வாடை ஏறிய சட்டைக்கு இந்த வரிசையில் செய்யுங்கள். விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும்.

1. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்புங்கள். வாடை உள்பக்கத்தில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, பழைய சோப்பை வெளியேற்றுங்கள்.

2. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, அக்குள் பகுதியை அதில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். சுண்ணாம்புப் படலத்தை இது தளர்த்திவிடும். பிறகு நன்றாக அலசுங்கள்.

3. ஆப்ப சோடா மூன்று ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து, அக்குளில் தடவி அரை மணி நேரம் விடுங்கள். நாற்றமுள்ள அமிலங்களைச் சோடா தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றுகிறது. வினிகரையும் சோடாவையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். நுரைத்துப் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், பயன் இருக்காது.

4. பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். எண்ணெய்ப் பசைக்கு இது நல்லது.

5. ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கைந்து பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் கை பொறுக்கும் சூடு கிடைக்கும். அதில் என்சைம் உள்ள சலவைத் தூளைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். என்சைம் இருப்பது பாக்கெட்டின் பின்புறம் எழுதியிருக்கும். புரதத்தையும் கொழுப்பையும் அறுப்பதே அதன் வேலை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் என்சைம் செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். தூளும் அளவோடுதான்.

6. நுரை முற்றிலும் நிற்கும் வரை அலசுங்கள். மூன்று முறையாவது தேவைப்படும். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வையுங்கள்.

7. உள்பக்கம் வெளியே இருக்கும்படியே வெயிலில் காயப் போடுங்கள். வெயிலும் காற்றும் காசு வாங்காத மருந்து.

காய்ந்ததும் உடனே இஸ்திரி போடாதீர்கள். அக்குள் பகுதியை வாயருகே வைத்து, சூடான மூச்சை ஊதி முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னொரு முறை செய்ய வேண்டும். இஸ்திரியின் சூடு மிச்சமிருக்கும் கறையை இன்னும் இறுக்கிவிடும். இரண்டாம் முறையும் போகாவிட்டால், கடையில் கிடைக்கும் ஆக்ஸிஜன் வகைக் கறைநீக்கித் தூளை, பாக்கெட்டில் சொன்ன அளவில், வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊற வைக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. வாடை போகவில்லை என்ற எரிச்சலில் பிளீச்சிங் பவுடரையோ குளோரின் பிளீச்சையோ வினிகரோடும் கழிவறை கழுவும் அமிலத்தோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து குளோரின் என்ற நச்சு வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மேலும், வியர்வைக் கறை படிந்த வெள்ளைச் சட்டையைக் குளோரின் பிளீச் இன்னும் மஞ்சளாக்கவே செய்யும்.

தினசரிக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சட்டையைத் திருப்பி, அக்குளை மட்டும் தண்ணீரில் அலசிக் கொடியில் போடப் பிள்ளையையே பழக்குங்கள். ஐந்து நிமிட வேலை. மகனுக்கும் மகளுக்கும் ஒரே சட்டம்தான்.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, துணி இரண்டு நாள் காயாமல் கிடந்து பூஞ்சை வாடையும் சேர்ந்துகொள்ளும். பிழிந்த சட்டையை உலர்ந்த டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு ஹேங்கரில் மாட்டி, துணிக்குத் துணி இடைவெளி விட்டு மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷின் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை துணி போடாமல் சுடுநீரில் ஓடவிட்டு, கதவின் ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். மெஷினே நாறினால் துணி எப்படி மணக்கும்?

பெண் பிள்ளைகளின் புர்காவை வாரம் ஒரு முறை துவைத்தால் போதும் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறோம். அடியில் பருத்தி உடை போடுவதும், இரண்டு புர்காவை மாற்றி மாற்றி அணிவதும், அன்றன்று காற்றாட மாட்டுவதும் அவசியம். தலைத் துணியில் தேங்காய் எண்ணெய் இறங்கி நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். அதற்கும் நான்காம், ஐந்தாம் படிகள் பொருந்தும்.

உடம்பைப் பற்றி

துணியை மட்டும் துவைத்தால் போதாது. குளிக்கும்போது அக்குளில் சோப்புப் போட்டுத் தேய்த்து, குளித்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். அக்குள் முடியை நீக்குவது நம் மார்க்கம் கற்றுத்தந்த இயற்கைத் தூய்மைகளில் ஒன்று. நாற்பது நாளுக்கு மேல் விடலாகாது என்றும் படித்திருக்கிறோம். முடி குறைந்தால் கிருமி தங்கும் இடமும் குறையும். ஒளுவில் அக்குள் கழுவப்படுவதில்லை. ஆகவே பள்ளிவிட்டு வந்து அஸருக்கு ஒளுச் செய்யும்போது அக்குளையும் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வியர்வையை அடக்கும் மருந்து பூசுபவர்கள் இரவில், உலர்ந்த தோலில் பூசினால் நன்றாக வேலை செய்யும். அதில் உள்ள அலுமினிய உப்புதான் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறையாகவும் விறைப்பாகவும் படிகிறது. எனவே பூசியது காய்ந்த பிறகே சட்டை போட வேண்டும். அத்தர் நல்லதுதான், ஆனால் அது சுத்தமான உடலுக்கும் உடைக்கும் உரியது. வியர்வையின் மேல் அத்தர் பூசினால் இரண்டு வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும்.

சில அடையாளங்கள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளங்கையும் அக்குளும் சொட்டச் சொட்ட வியர்ப்பது. எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போல அடிப்பது. அதிக தாகத்தோடும் எடை குறைவோடும் மூச்சில் பழவாடை வருவது. இரவில் உடை நனையும்படி வியர்த்து, காய்ச்சலும் இருப்பது. பழவாடை சர்க்கரை நோயின் அபாய அறிகுறியாக இருக்கலாம்; ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரவு வியர்வையும் காய்ச்சலும் காசநோயாகவும் இருக்கலாம். இவற்றுக்குச் சலவைத் தூள் மருந்தல்ல.

எப்படிச் சொல்வது?

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மனிதனின் வியர்வை நஜீஸ் அல்ல. வியர்வை பட்ட உடையோடு தொழுத தொழுகை கூடும். ஆகவே எந்தப் பிள்ளையும் ‘என் சட்டையில் வாடை இருக்கிறது, பள்ளிவாசலுக்கு வரமாட்டேன்’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. அதே சமயம், பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதும் நம் மார்க்கம் தந்த பண்புதான். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்று வாய் நாற்றத்தோடு பள்ளிவாசலுக்கு வருவது தடுக்கப்பட்டிருப்பதும், ஜும்ஆவுக்குக் குளித்து வருவது வலியுறுத்தப்பட்டிருப்பதும் நாம் அறிந்தவையே. இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிப் பாடம்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தம்பி தங்கை முன்னாலோ விருந்தாளி முன்னாலோ சொல்லாதீர்கள். மகளுக்கு உம்மா சொல்லட்டும்; மகனுக்கு வாப்பா சொல்லட்டும். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மாமாவோ பெரியவாப்பாவோ சொல்லலாம். ‘நாறுது’ என்று ஆரம்பிக்காமல், ‘உன் வயசுல எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்படிச் செஞ்சு பாரு’ என்று ஆரம்பியுங்கள். முதல் முறை அவனோடு உட்கார்ந்து நீங்களே செய்து காட்டுங்கள்.

வரிசையில் நிற்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் வாடை வந்தால் முகத்தைச் சுளித்து விலகி நிற்காதீர்கள். அவன் அதைப் பார்த்துவிடுகிறான். வீட்டாரிடம் தனியாகச் சொல்லுங்கள். அல்லது எங்களிடம் சொல்லுங்கள்.

நாங்கள் செய்த மாற்றம்

அந்தப் பையனின் இரண்டு சட்டைகளில் ஒன்று மேலே சொன்ன முறையில் இரண்டாம் தடவை சரியாகிவிட்டது. மற்றொன்று முழுதாகச் சரியாகவில்லை. அதற்குப் பதில் பருத்தி கூடுதலாக உள்ள துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தோம். முயற்சி செய்தும் சில துணிகள் தேறாது என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது.

வருகிற ஜூன் முதல் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவ மாணவியருக்கு இரண்டுக்குப் பதில் மூன்று சட்டைகள் வழங்குவதென்றும், பருத்தியின் பங்கு அதிகமுள்ள துணியையே வாங்குவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். செலவு கூடும். இன்ஷா அல்லாஹ், சமாளிப்போம். இடையில் வந்து கேட்பவர்களிடம் இனிப் பதிவேட்டைப் புரட்டும் முன் காரணத்தைக் கேட்போம். காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘சட்டை வேண்டும்’ என்று மட்டும் சொன்னாலே போதும். பழைய உடைகளை நன்கொடையாகத் தரும் சகோதரர்கள், மேலே சொன்ன மூச்சுச் சோதனையை ஒரு முறை செய்து பார்த்துத் தாருங்கள். நம் வீட்டுப் பிள்ளை போடத் தயங்கும் சட்டையை அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படிப் போடும்?

அந்தப் பையன் இப்போது விளையாட்டு வகுப்பு நாளிலும் பள்ளிக்கூடம் போகிறான் என்று அவன் உம்மா சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். தொழுகையில் அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனும் யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்காமல் நிற்கட்டும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்